கடல் கடவாமற் காணும் நகரம்

ஐரோப்பாவின் இடைக்கால நகரங்களைக் காண உலகெங்குமிருந்து மக்கள் செல்கின்றனர். பெல்ஜியத்தின் புரூஜ் நகரில் கால்வாய்களும் மணிக்கோபுரமும், பிரான்சின் கார்க்கசோனில் இரட்டை மதிலும் அவர்தம் உள்ளத்தைக் கவர்கின்றன. அந்நகரங்கள் வளர்ந்த நூற்றாண்டுகளில் ஈழத்திலும் ஓர் எழில்நகர் பொலிந்தது. அதுவே பொலனறுவை. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வைகறையிற் புறப்படுவோர் நண்பகலளவில் அதனை அடையலாம்.

சோழர் அதனைத் தலைநகராக்கிச் சனநாதமங்கலம் எனப் பெயரிட்டனர். அவர்கள் காலத்து வானவன்மாதேவி ஈச்சரம் என்னும் கற்றளி இன்றும் நிற்கின்றது. 1070இல் முதலாம் விசயபாகு நகரைக் கைப்பற்றினான். 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு விரிவாக்கிய பராக்கிரம சமுத்திரம் இன்றும் வயல்களுக்கு நீரளிக்கின்றது.

எனினும், அங்குள்ள கல்வெட்டு ஒன்றின் முன் சற்றே நிற்றல் வேண்டும். புத்தரின் தந்ததாது வைக்கப்பட்ட கோயிலைக் காப்பதாக வேளைக்காரப் படையினர் பூண்ட உறுதி அதிற் பொறிக்கப்பட்டுள்ளது. நகரோ சிங்கள மன்னரின் தலைநகர், கோயிலோ பௌத்தருடையது, கல்வெட்டின் மொழியோ தமிழ். இரு இனத்தாரும் பொருதிய கதைகளையே வரலாறெனக் கேட்டு வளரும் பிள்ளைகளுக்கு அக்கல்லைக் காட்டுதல் பெரியோர் கடனாகும்.