அறிவு குறைந்தவருக்கு மனம் இல்லையா?

(வாசகசாலை ஆண்டு விழாவில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக் கொண்டிருக்கும் விஷயம் உங்களில் பலருக்குப் புதிதாயிருக்கலாம். கடவுளையும் சாதியையும் சடங்கையும் பற்றி நாம் பேசக் கேட்டுப் பழகிய நீங்கள், 'இன்று என்ன வைத்தியம் பேச வந்துவிட்டார்களா?' என்று நினைக்கலாம். இது வைத்திய விஷயம் மாத்திரமல்ல. நமது சுயமரியாதை எவ்வளவு உண்மையானது என்று உரைத்துப் பார்க்கும் விஷயமுமாகும்.

ஏறக்குறைய நூறு பேருக்கு ஒருவர் வீதம், பிறவியிலோ சிறு பிராயத்திலோ அறிவு வளர்ச்சி தடைப்பட்டவர்கள் எல்லாத் தேசங்களிலும் இருக்கிறார்கள். ஊரார் இவர்களுக்கு இடும் பெயர் மக்கு, மந்தம், அரைக்கிறுக்கு என்பவையாகும். 2016ஆம் வருஷத்துச் சட்டம் இதனை அறிவுத்திறன் குறைபாடு என்கிறது. ஆனால் மரியாதைக்காரர்கள் நெடுநாளாகச் சொல்லி வந்த பெயர் 'மனவளர்ச்சி குன்றியவர்' என்பது. தோழர்களே! அந்தப் பெயருக்குள்ளேயே தப்பிதம் ஒளிந்து கொண்டிருக்கிறது. இவர்களிடம் குறைந்திருப்பது கற்கும் திறனும், கணக்குப் பார்க்கும் திறனும், தம் காரியத்தைத் தாமே பார்த்துக் கொள்ளும் திறனுமேயாகும். துக்கப்படவும், பயப்படவும், வெட்கப்படவும், அன்பு வைக்கவும் வேண்டிய மனம் எங்கே குன்றிவிட்டது?

நாம் நேரில் கண்ட ஒரு சங்கதியைச் சொல்லுகின்றோம். பிரசாரத்துக்குப் போன ஓர் ஊரில் ஒரு நெசவாளத் தோழர் வீட்டில் தங்கினோம். அவருடைய மூத்த மகனுக்கு முப்பது வயது. பத்துக்கு மேல் எண்ணத் தெரியாது. ஆனால் தறிக்குத் தார் சுற்றிக் கொடுப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. தெருப் பிள்ளைகள்கூட அவரை 'வாடா, போடா' என்றே அழைப்பார்கள்.

அவருடைய தாயார் ஆஸ்பத்திரியில் இறந்து போனார். 'இவனுக்கு என்ன தெரியப் போகிறது!' என்று சொல்லி, மகனைச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டு அடக்கத்தை முடித்தார்கள். திரும்பி வந்து கேட்டபோது, 'அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள்' என்றார்கள். அன்று முதல் தினமும் சாயங்காலம் பஸ் நிற்குமிடத்தில் போய் நிற்க ஆரம்பித்தார். மூன்றாவது மாதம் சோற்றைத் தள்ளினார். சுவரில் தலையை முட்டினார். தடுக்க வந்த தம்பியின் கையைக் கடித்தார்.

உடனே பூசாரி வந்தார். 'தாயின் ஆவி பிடித்திருக்கிறது' என்றார். வேப்பிலை அடியும், மூன்று அமாவாசையும், காலுக்குச் சங்கிலியும் நடந்தன. அதுவும் பலிக்காமற் போகவே, பட்டணத்து டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். அவர், 'இந்த மாதிரிப் பிள்ளைகள் இப்படித்தான் இருப்பார்கள்' என்று சொல்லித் தூங்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். தோழர்களே! பூசாரி படிக்காதவர், டாக்டர் படித்தவர். ஆனால் இருவரும் செய்த வேலை ஒன்றுதான். 'உனக்கு என்ன கஷ்டம்?' என்று அந்த மனிதரை இருவரும் கேட்கவில்லை.

இது ஒரு டாக்டரின் குற்றம் மாத்திரமல்ல. அமெரிக்காவில் ரைஸ் என்பவரும் அவருடன் உழைத்தவர்களும் 1982இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரே மாதிரியான பயத்தால் துன்பப்படும் ஒரு மனிதரைப் பற்றிய வர்ணனையை மனோதத்துவ நிபுணர்களிடம் கொடுத்தார்கள். அறிவுத்திறன் குறைந்தவர் என்று குறிப்பிட்டிருந்தபோது, அதே பயம் அவர்களுக்குப் பெரிய வியாதியாகத் தோன்றவில்லை! ஒரு குறைபாட்டின் நிழல் மற்றொரு துன்பத்தை மறைத்து விடுகிறது என்பதை அந்தச் சோதனை காட்டிற்று. உண்மையோ நேர்மாறானது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ வட்டாரத்தில் இத்தகைய 1,023 பெரியவர்களைப் பரிசோதித்து 2007இல் வெளியிட்ட கணக்கின்படி, நடத்தைக் கோளாறுகளையும் சேர்த்து, நூற்றுக்கு 40 பேருக்கு மேல் மனநலக் கேடு இருந்தது.

'கோபம் வந்து அடிக்கிறார்களே, மாத்திரையாவது வேண்டாமா?' என்று கேட்பீர்கள். அதையும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். இங்கிலாந்து, வேல்ஸ், ஆஸ்திரேலியா ஆகிய இடங்களில், மூர்க்கமாக நடந்து கொண்ட 86 பேரை மூன்று பிரிவாக்கி, இரு பிரிவினருக்கு ரிஸ்பெரிடோன், ஹாலோபெரிடால் என்னும் மருந்துகளையும், மூன்றாம் பிரிவினருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரையையும் கொடுத்தார்கள். 2008இல் வெளியான முடிவு என்ன? நான்கு வாரத்தில் மூன்று பிரிவினரிடமும் மூர்க்கம் குறைந்தது. அதிகமாகக் குறைந்தது வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களிடம்! மருந்தே கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. உண்மையான மனநோய் இருந்தால் மருந்து வேண்டும். வலிப்பு இருந்தால் வலிப்பு மருந்தை ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. ஆனால் காரணத்தைக் கேளாமல் வாயை அடைக்கக் கொடுக்கும் மருந்துக்கும் பூசாரியின் சங்கிலிக்கும் வித்தியாசம் எவ்வளவு என்றுதான் கேட்கின்றோம்.

நிற்க, செய்ய வேண்டியது என்ன? முதலில் உடம்பைப் பார்க்க வேண்டும். பல்வலி, காதுவலி, மலச்சிக்கல் என்று சொல்லத் தெரியாதவர் தலையை முட்டிக் கொள்ளுவார். அடுத்தபடியாக, வீட்டில் என்ன மாறிற்று, யார் போனார்கள், யார் அடித்தார்கள், எந்த நேரத்தில் இது வருகிறது என்று விசாரிக்க வேண்டும். அதன் பின் பேச வேண்டும். பேச்சு வராதவரிடம் எப்படிப் பேசுவது? படத்தைக் காட்டிப் பேசலாம். சிரித்த முகம், அழுத முகம் வரைந்து, 'இன்று நீ எது?' என்று கேட்கலாம். கொஞ்ச நேரம் பேசி, மறுபடியும் மறுபடியும் சொல்லி, அவர் நம்பும் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக் கொண்டு செய்தால் மனச் சிகிச்சை இவர்களுக்கும் பலிக்கும். மனச் சோர்வுற்ற 161 பேரிடம் பிரிட்டனில் இவ்விதமாக மாற்றியமைத்த இரண்டு முறைகளை ஒப்பிட்டு 2017இல் வெளியிட்டார்கள். ஒன்று மற்றொன்றை வெல்லவில்லை. ஆனால் இரு பிரிவினரிடமும் சோர்வு குறைந்திருந்தது. ஷீலா ஹாலின்ஸ் என்னும் இங்கிலாந்து மனநல மருத்துவர், எழுத்தே இல்லாத படப் புத்தகங்களை 1989 முதல் வெளியிட்டு வருகிறார். அவற்றில் முதலில் வந்தவையே தாய் இறந்ததையும் தந்தை இறந்ததையும் பற்றியவை.

நமது நெசவாளர் வீட்டுக்கு வருவோம். பக்கத்துப் பட்டணத்தில் இத்தகைய பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஓர் அம்மையார் வந்தார். தாயாரின் படத்தை எடுத்து வைத்துக் கொண்டு அவருடன் உட்கார்ந்தார். அடக்கம் செய்த இடத்துக்குக் கூட்டிப் போனார். 'அம்மா செத்துப் போய்விட்டார்கள், இனி வரமாட்டார்கள், அது உன்னுடைய குற்றமல்ல' என்று தெளிவாகச் சொன்னார். அந்த முப்பது வயது மனிதர் அப்பொழுதுதான் அழுதார். பல வாரங்கள் சென்றபின் மறுபடியும் தார் சுற்ற உட்கார்ந்தார். அற்புதம் ஒன்றும் நடந்துவிடவில்லை. இன்றும் சில சாயங்காலங்களில் பஸ் நிற்குமிடத்துக்குப் போய் நின்றுவிட்டு வருகிறாராம். நாமும் நம் தாயாரை மறந்தா போனோம்?

இனி நம்முடைய குற்றத்தையும் ஒப்புக் கொள்ளுகின்றோம். அந்த ஊரில் தங்கிய இரவு நடந்த கூட்டத்தில், 'பகுத்தறிவு இல்லாதவன் மனிதனல்ல, மிருகம்' என்று நாம் முழங்கினோம். ஜனங்கள் கை தட்டினார்கள். முன் வரிசையில் உட்கார்ந்து அவர்களைப் பார்த்துத் தாமும் கை தட்டியவர் அந்த மனிதர். நாம் வைதது மூடநம்பிக்கைக்காரரை. ஆனால் அந்தச் சொல் விழுந்தது யார் மேல்?

அறிவை அளந்து மனிதனை மதிக்க ஆரம்பித்தால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குச் சரித்திரம் சாட்சி. 1927இல் அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம், அறிவு குறைந்தவள் என்று முத்திரையிடப்பட்ட காரி பக் என்னும் பெண்ணைக் கட்டாயமாக மலடாக்கலாம் என்று தீர்ப்புச் சொல்லிற்று. அவள் அப்படிப்பட்டவளே அல்ல என்பது பின்னால் தெரிந்தது. இட்லரின் ஜெர்மனியில் 1940 முதல் 1941 வரை அறிவு குறைந்தவர்களையும் மனநோயாளிகளையுமாகச் சுமார் 70,000 பேரை விஷவாயுவால் கொன்றார்கள். செய்தவர்கள் பூசாரிகளல்ல, விஞ்ஞானத்தின் பேரைச் சொல்லிக் கொண்ட டாக்டர்கள்! மற்றொரு பக்கம், நம் நாட்டில் 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி, ஏர்வாடியில் தர்காவை நம்பிக் கொண்டுவந்து விடப்பட்ட மனநோயாளிகளில் 28 பேர், சங்கிலியில் கட்டுண்டபடியே தீயில் மாண்டார்கள். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்லுகிறது. சட்டம் சொன்னால் மாத்திரம் போதுமா?

ஆகவே தோழர்களே! உங்கள் ஊரில் இத்தகையவர் இருந்தால், அவரை 'வாருங்கள்' என்று அழையுங்கள். அவர் வீட்டில் சாவு நேர்ந்தால் மறைக்காதீர்கள். அவர் குணம் மாறினால் மந்திரவாதியைத் தேடாமல், டாக்டரிடமும் மனநல நிபுணரிடமும் கூட்டிப் போங்கள். 'இவர்கள் இப்படித்தான்' என்று டாக்டர் சொன்னால், 'ஏன் இப்படி?' என்று திருப்பிக் கேளுங்கள். 'பூர்வஜன்மப் பாவம்' என்று அந்தத் தாயாரிடம் எவன் சொன்னாலும், அவனை வெட்கப்படச் செய்யுங்கள்.

சுயமரியாதை என்பது அறிவுக்குக் கொடுக்கும் கூலியல்ல. மனிதனாய்ப் பிறந்த ஒவ்வொருவருக்கும் உரியது. பகுத்தறிவு நமக்குக் கொஞ்சம் அதிகமாயிருந்தால், அது குறைவாயுள்ளவரின் துன்பத்தைக் கண்டுபிடிப்பதற்கே முதலில் பயன்பட வேண்டும். அந்த ஊருக்கு அடுத்த மாதம் மறுபடியும் போகின்றோம். முன் வரிசையில் இருக்கும் அந்தத் தோழருக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் பேச ஆரம்பிப்போம்.