பழைய தையல் யந்திரங்களும் அவற்றின் உறுப்புக்களும்

(ஸ்ரீரங்கத்தில் கூடிய நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இன்று யான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சிறியதுபோலத் தோன்றும். ஆயினும் நம்மவருள் பல குடும்பங்களின் ஜீவனம் அதனைப் பற்றி நிற்கின்றது. கணவனை இழந்த மாதரும், பெரிய குடும்பத்தைத் தாங்கும் மாதரும், தம் வீட்டிலிருந்தே மானத்துடன் பொருளீட்டுதற்குத் தையல் யந்திரம்போல் துணையாவது வேறொன்றில்லை. 1924-ல் யந்திரங்களைக் குறித்து வினவிய ஓர் அன்பருக்கு விடை கூறுங்கால், காந்தியடிகள் சிங்கர் தையல் யந்திரத்தை மட்டும் விலக்காக எடுத்துக் கூறினார். மனைவி கையால் தைத்து வருந்துவதைக் கண்டு இரங்கிய அன்பிலே பிறந்தது அது என்பது அவர் கருத்து.

அத்தகைய யந்திரங்கள் திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் பல வீடுகளில் பரண்மேல் தூங்குகின்றன. சில காயலான் கடைக்குச் சென்று எடைக்கு விலைபோகின்றன. இரும்புக் கால்களைக் கழற்றி மேசைக்குப் பொருத்திவிட்டு, யந்திரத்தை எறிந்துவிடுவோரும் உளர். இவற்றிற்கு நேர்ந்த நோய்தான் யாது? பெரும்பாலும் விரலளவான ஓர் உறுப்புத் தேய்ந்ததே!

அவ்வுறுப்பின் இயல்பைச் சொல்லுவேன். ஊசியானது மேல்நூலைத் துணியின்கீழ்க் கொண்டுசென்று, சிறிது மேலெழும்போது நூல் ஒரு கண்ணியாக விரிகின்றது. அக்கண்ணியுள் ஷட்டிலின் கூர்முனை புகுந்து கீழ்நூலை மேல்நூலோடு பிணைக்கின்றது. முனை மழுங்கினாலும் துருவேறினாலும் கண்ணி தப்பும். தையல் விட்டுவிட்டு விழும். ஆதலின் யந்திரம் வாங்குவோர் பொன்னெழுத்தையும் பூவேலையையும் கண்டு மயங்காது, ஷட்டிலையே முதலிற் பார்த்தல் வேண்டும்.

சிங்கர் கம்பெனி அமெரிக்காவில் 1851-ல் தோன்றியது. நம் நாட்டிற் காணும் பழைய சிங்கர் யந்திரங்களிற் பல, ஸ்காட்லாந்திலிருந்த கிளைட்பேங்க் தொழிற்சாலையிற் செய்யப்பட்டவை. 1885-ல் திறக்கப்பட்ட அத்தொழிற்சாலை 1980-ல் மூடப்பட்டது. இனி அங்கிருந்து அசல் உறுப்பு வருதற்கில்லை.

27, 28 என்னும் எண்ணுடைய யந்திரங்களில், உறையூர்த் தறியில் ஓடும் நாடாவைப் போன்ற நீண்ட ஷட்டிலும், அதனுள் நீண்டு மெலிந்த பாபினும் உண்டு. இவை கடையிற் கிடைப்பது அரிது. 15-ஆம் எண் யந்திரமோ வட்டமான பாபினையுடையது. பல நாட்டாரும் பின்பற்றிய அமைப்பு. 1930-களில் கல்கத்தாவில் தோன்றிய உஷா யந்திரமும் அவ்வழிப்பட்டதே. அதற்குரிய உறுப்புக்கள் லூதியானாவில் இன்றும் செய்யப்படுகின்றன. ஆகவே பிழைப்புக்கென வாங்குவோர் 15-ஆம் எண்ணையே நாடுக. மற்றவை, ஷட்டிலும் பாபினும் உடனிருந்தாலன்றி வாங்கத்தக்கன அல்ல.

வாங்கும்போது, முதலில் நூல் கோக்காமல் கைச்சக்கரத்தைத் தம் பக்கமாகச் சுழற்றுக. எங்கேனும் தடை உண்டா என்று கை அறிந்துவிடும். பின்னர் இரு மடிப்புத் துணியிலே தைத்து, மேலும் கீழும் நோக்குக. பழைய யந்திரத்துள் சிவப்புப் பாதரசம் இருக்கிறதென்று 2009-ல் சவூதி அரேபியாவில் ஒரு வதந்தி எழுந்து, பலர் பெரும்பொருள் கொடுத்து ஏமாந்தனர். அப்பேச்சை நம்பி விலை கூறுவோரிடம் வாங்கற்க.

நிற்க. பழுது பார்க்கும் முறையைச் சிறிது கூறுவேன். இறுகிப்போன யந்திரத்தை வலிந்து சுழற்றலாகாது. மண்ணெண்ணெயை மூட்டுக்களில் விட்டு ஒருநாள் பொறுத்து, துடைத்தபின் யந்திர எண்ணெய் இடுக. தேங்காயெண்ணெய் நாளடைவில் பிசினாகிப் பற்றிக்கொள்ளும். பூவேலையின் மேற்பூச்சு அரக்காலாயது. ஸ்பிரிட் பட்டாற் கரையும்.

சிங்கர் திருகாணிகளின் மரை தனி அளவுடையது. கடைத்தெருத் திருகாணியை வலிந்து முடுக்கினால் துளையே கெடும். உடைந்த ஆணியாயினும் எறியாது மாதிரியாகக் கடைசல் பட்டறையிற் கொடுக்க. பொன்மலையில் 1928-ல் ரயில்வேப் பட்டறையும், பின்னர் 1960-களில் திருவெறும்பூர்ப் பக்கம் பாய்லர் தொழிற்சாலையும் அமைந்த இவ்வூரில், கடைசல் வல்லோர்க்குக் குறைவில்லை.

ஆயின் பதமேற்றிய எஃகாலாகிய ஷட்டிலைப் பட்டறையில் எளிதிற் செய்துவிட முடியாது. அதற்கு ஏற்ற ஒரு வழி, உழைத்து ஓய்ந்த மற்றொரு யந்திரமே. ஆதலின் யான் செய்துகொள்ளும் விண்ணப்பம் இதுவே. யந்திரத்தை எடைக்குப் போடுமுன், ஷட்டில், பாபின், பாபின் கேஸ், ஊசித்தகடு, திருகாணிகள் ஆகியவற்றைக் கழற்றி ஒரு தகரப் பெட்டியிலிட்டு, யந்திரத்தின் எண்ணையும் எழுதிச் சங்கத்தில் ஒப்புவியுங்கள். ஒரு வீட்டிற் குப்பையானது, மற்றொரு வீட்டில் அடுப்பெரிக்கும் பொருளாகும்.