சிறு கீறல்தானே என்று இருந்துவிடாதீர்கள்

(பத்து காஜா வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



பொழுது புலருமுன் தலைவிளக்கின் ஒளியில் நிரைக்குள் இறங்கி, மரத்துக்கு மரம் நடந்து பால் வெட்டுகின்ற உங்களுக்குக் கையைப் போலவே காலும் சோறு போடும் உறுப்பாகும். அக்காலில் முழங்காலுக்குக் கீழே ஏற்படும் காயங்களைப் பற்றியே இன்று பேச வந்துள்ளேன்.

முதலில் ஒரு பழைய செய்தி. 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் நீளமுள்ள இரயில் பாதையை அமைத்தனர். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் அங்குக் கொண்டு செல்லப்பட்டதையும், அவர்களுள் பெருந்தொகையினர் திரும்பி வராததையும் பெரியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். காலராவும் மலேரியாவும் மட்டும் அவர்களை வாட்டவில்லை. முன்னங்காலில் மூங்கில் கீறிய சிறு காயம், போதிய உணவும் மருந்தும் இன்மையால், எலும்பு தெரியுமளவு அழுகும் புண்ணாக மாறியது. காலை வெட்டியெடுத்தேனும் உயிரைக் காக்கவேண்டிய நிலை பலருக்கு ஏற்பட்டது. அன்று மருந்து கிடைக்கவில்லை; இன்று கிடைக்கிறது. ஆயினும் ஒரு நாள் கூலி போய்விடுமே என்றஞ்சிக் காயத்தை மறைக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது.

கீழ்க்காலில் இரண்டு எலும்புகள் உள்ளன. அவற்றுள் பருத்த எலும்பின் முன்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள்; தோலுக்கும் எலும்புக்கும் இடையே தசை இராது. அவ்விடத்தில் இரத்த ஓட்டமும் குறைவு. ஆகவே, அங்கு ஏற்பட்ட காயம் மெதுவாகவே ஆறும். இனிப்புநீர் உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி குன்றிவிடுவதால், காயம் பட்டதே தெரியாமற் போவதும் உண்டு.

வெட்டுக் கத்தியோ, கட்டையோ, முள்ளோ கிழித்துவிட்டால் உடனே தூய நீரில் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். இரத்தம் வடிந்தால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து, காலை உயர்த்தி வையுங்கள். காப்பித்தூள், புகையிலை, மண்ணெண்ணெய், பற்பசை ஆகியவற்றைக் காயத்தில் வைக்கவே கூடாது. ஆழமான காயமாயின் அன்றே மருத்துவரிடம் சென்று, இரணஜன்னித் தடுப்பூசி தேவையா என்று கேளுங்கள். காயத்தைச் சுற்றிச் சிவந்து வீங்கினாலும், சீழ் வடிந்தாலும், காய்ச்சல் கண்டாலும் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

காண்டா வாளியுடன் சரிவில் இறங்கும்போது கணுக்கால் பிசகினால், உருவிவிட வேண்டாம். காலுக்கு ஓய்வு கொடுத்து, துணியில் சுற்றிய பனிக்கட்டியை வைத்து, அளவான இறுக்கத்துடன் கட்டி, உயர்த்தி வையுங்கள். காலை ஊன்றி நான்கு அடி நடக்க முடியாவிட்டால் எலும்பு முறிந்திருக்கக் கூடும். அப்பொழுது காலின் இருபுறமும் கட்டை வைத்து அசையாதபடி கட்டி, மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. பாம்பு கடித்தால் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும், கயிற்றால் இறுக்குவதும் தீங்கையே விளைவிக்கும். காலை அசைக்காமல் விரைந்து மருத்துவமனை சேர்வதே வழி.

கூலியைப் பற்றிய அச்சத்துக்கும் விடை உண்டு. நாம் சொக்சோ என்றழைக்கும் பெர்கேசோவின் பாதுகாப்பு, 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொழிலாளருக்கு உரியது. வெளிநாட்டுத் தொழிலாளரும் 2019 முதல் இதில் சேர்க்கப்பட்டுள்ளனர். வேலையிலோ, வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வரும் வழியிலோ விபத்து நேர்ந்து, மருத்துவர் குறைந்தது நான்கு நாள் விடுப்பு அளித்தால், சராசரி நாட்கூலியில் 80 விழுக்காடு உதவித்தொகையாகக் கிடைக்கும். விபத்தை அறிந்த முதலாளி 48 மணி நேரத்துக்குள் பெர்கேசோவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஆனால் நீங்கள் சொன்னால்தானே அவர் அறிவார்! ஆகவே, காயம்பட்ட அன்றே கங்காணியிடமோ அலுவலகத்திலோ சொல்லிப் பதியச் செய்யுங்கள். மருத்துவச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். மறைத்த காயத்துக்குச் சான்று தேடுவது கடினம்.

வருமுன் காப்பது அதனினும் நன்று. முழங்காலளவு பூட்ஸ் அணியுங்கள். கத்தியை உறையிலிட்டு நடங்கள். விளக்கின் மின்கலத்தை முதல் நாளே சோதியுங்கள். மழைக்காலத்தில் வழுக்கும் படிகளையும், நிரையில் கிடக்கும் கட்டைகளையும் கண்டால் கங்காணியிடம் சொல்லிச் சரிசெய்யச் சொல்லுங்கள். காலில் புண்ணிருந்தால் தேங்கிய நீரில் இறங்காதீர்கள். எலிச் சிறுநீர்க் காய்ச்சல் அவ்வழியே தொற்றும். வேலை முடிந்து வீடு திரும்பியதும் இரு கால்களையும் கழுவி, வெளிச்சத்தில் பாருங்கள். பிள்ளைகளுக்கும் இப்பழக்கத்தைக் கற்பியுங்கள்.

சயாமுக்குச் சென்ற நம் முன்னோர்க்குத் தம் காலைக் காத்துக்கொள்ளும் வாய்ப்பு அளிக்கப்படவில்லை. உங்களுக்கு அவ்வாய்ப்பு உண்டு. அதைக் கைவிடாதீர்கள் என்று கேட்டு அமைகிறேன்.