அடிக்கடி தோள் கழலும் திருநம்பியும் வீட்டார் கவனிக்க வேண்டியதும்

 

குடும்ப நலம் என்றதும் ஆபரேஷன், மாத்திரை, பிள்ளைக்குத் தடுப்பூசி என்று பேசப் போகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். அதெல்லாம் அடுத்த கூட்டத்தில். வீட்டில் ஒருவர் வலியை மறைத்துக் கொண்டிருந்தால் அதுவும் குடும்ப நலக் காரியந்தான்.

திருநம்பி என்றால் யார்? பிறந்தபோது பெண் குழந்தை என்று எழுதப்பட்டு, தன்னை ஆணாகவே உணர்ந்து வாழ்கிறவர். திருநங்கையரை நீங்கள் பார்த்திருப்பீர்கள்; திருநம்பிகள் கண்ணில் படுவது குறைவு. இது நோயல்ல, பேய் பிடித்ததும் அல்ல. "ஒரு கால்கட்டு போட்டா எல்லாம் சரியாப் போயிடும்" என்று கல்யாணம் செய்து வைத்தால் இரண்டு பேர் வாழ்க்கை கெடும். வைத்தியம் என்ற பெயரில் இவர்களை மாற்ற முயலக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7-ஆம் தேதி உத்தரவிட்டார்.

இனி தோளுக்கு வருவோம். இடுப்பு மூட்டு ஆழமான கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கிறது. தோள் மூட்டு சாஸரில் வைத்த எலுமிச்சம்பழம் மாதிரி. சுற்றியுள்ள விளிம்பும் தசைநாரும் பிடித்து வைத்தால்தான் நிற்கும். முதல் முறை கழலும்போது அந்த விளிம்பு கிழிந்து விடலாம். சின்ன வயதில் ஒருமுறை கழன்றால் மறுபடி கழலும் வாய்ப்பு அதிகம். அப்புறம் கீழே விழ வேண்டியதில்லை. பஸ் கம்பியை எட்டிப் பிடித்தாலே போதும்.

ஓசூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர், பெயர் வேண்டாம். சிப்காட் கம்பெனியில் பெட்டி தூக்கும் வேலை. வண்டியிலிருந்து விழுந்து வலது தோள் கழன்றது. ஒரு மருத்துவமனையில் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளே மார்பை இறுக்கித் துணி கட்டியிருந்தார். சீட்டிலோ பெண் பெயர். அங்கிருந்த ஒருவர் சிரித்தார். தம்பி எழுந்து வந்துவிட்டார். அதன் பின் நான்கு முறை கழன்றது. எல்லாவற்றுக்கும் கட்டு வைத்தியர்தான். நாட்டுக் கட்டின் மேல் நம் ஜனங்களுக்கு உள்ள நம்பிக்கை எனக்குத் தெரியும். ஆனாலும், எலும்பு முறிந்திருக்கிறதா என்று எக்ஸ்ரே பார்க்காமல் தோளை இழுத்தால் முறிவு பெரிதாகும், நரம்பும் ரத்தக் குழாயும் கெடும்.

கடைசி முறை கையே மரத்துப் போயிற்று. சோறு பிசைய முடியாமல் அவர் இடது கையால் தடுமாறுவதை அண்ணி பார்த்துவிட்டார். அதுவரை "பாப்பா" என்று கூப்பிட்டவர், "வா தம்பி, நான் கூட வர்றேன்" என்றார். அரசு மருத்துவமனையில் அண்ணி முதலில் தனியாக உள்ளே போய் டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னார். திரை போட்டுப் பார்த்தார்கள். ஐந்து நிமிஷக் காரியம்! அந்த ஐந்து நிமிஷம் கிடைக்காமல் நாலு தடவை தோளை இழுத்திருக்கிறார்கள்.

தோள் கழன்றால் நீங்கள் இழுக்காதீர்கள். கையை மடித்தபடி துண்டால் தாங்கிக் கட்டி, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். விரல் மரத்தாலோ, ஜில்லிட்டாலோ தாமதம் கூடாது. மார்புக் கட்டை அங்கேயே தளர்த்துங்கள். தலை வழியாகக் கழற்றக் கையைத் தூக்க வேண்டாம், கத்தரித்து விடுங்கள். துணி போனால் போகட்டும். மற்ற நாளிலும் எட்டு மணி நேரத்துக்கு மேல் கட்டக் கூடாது, கட்டியபடி தூங்கக் கூடாது. கிரேப் பேண்டேஜ் மூச்சு விட விட இறுகும்; அது வேண்டவே வேண்டாம். முதுகுவலி, தோள்வலி, விலா வலி எல்லாம் இந்த இறுக்கத்தால் வரும்.

ஆண் ஹார்மோன் ஊசி போடுகிறவர்கள் டாக்டர் மேற்பார்வையில்தான் போட வேண்டும். சதைக்குப் பலம் ஏறுகிற வேகத்தில் தசைநார் உறுதிப்படாது. ஆகவே பாரத்தைப் படிப்படியாகக் கூட்டுங்கள். மயக்க மருந்து கொடுக்குமுன் ஊசி விவரத்தை டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

தம்பிக்குக் கிழிந்த விளிம்பைத் தைத்து ஆபரேஷன் ஆயிற்று. இப்போது ரப்பர் பட்டையை வாசல் கம்பத்தில் கட்டி இழுத்துப் பயிற்சி செய்கிறார். நாள் தவறினால் அண்ணி விடுவதில்லை. பாரம் தூக்காத வேலைக்குக் கம்பெனியில் எழுதிக் கொடுத்திருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை.