லாரி வாசலில் நிற்கும்போதே...
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

நான் இங்கே படித்துக்கொண்டிருந்த காலம். ஒரு மழைக்காலத்தில், நாமக்கல் பக்கம் உள்ள எங்கள் கோழிப்பண்ணையில் முட்டை மளமளவென்று குறைந்தது. "மக்காச்சோளம் பாக்க நல்லாத்தானே இருந்துச்சு கண்ணு" என்றார் அப்பா. சோதனை முடிவு வருவதற்குள் கோழிகள் அத்தனை மூட்டையையும் தின்று தீர்த்துவிட்டன. முடிவில் இருந்த பெயர், அஃப்லடாக்சின்.

1960-ல் இங்கிலாந்தில் சுமார் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்த பிறகுதான் உலகம் இந்தப் பூஞ்சை நஞ்சை அறிந்தது. அங்கே காரணம் கடலைப் பிண்ணாக்கு. கோழித் தீவனத்தில் இதற்கு அனுமதி டன்னுக்கு 20 மில்லிகிராம்தான். கண்ணுக்கு எப்படித் தெரியும்?

1990-ல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் தனித்தனியே ஒரு வழி கண்டன. கோடானுகோடி ஆர்.என்.ஏ. இழைகளைக் கலந்து, வேண்டிய பொருளில் ஒட்டுவதை மட்டும் எடுத்துப் பெருக்கி, திரும்பத் திரும்பச் சலித்தார்கள். நம் வீட்டுச் சல்லடை வேலைதான்! கடைசியில் தேறிய இழைக்கு எலிங்டனும் ஷோஸ்டாக்கும் வைத்த பெயர் 'ஆப்டமர்'. பிறகு டி.என்.ஏ.விலும் இது கைகூடியது. அஃப்லடாக்சினுக்கும் ஆப்டமர் உண்டு. ஃபரீதாபாத்தில் காசநோயைக் கண்டறியவே ஆப்டமர்களை உருவாக்கியிருக்கிறார்கள்.

ஆன்டிபாடிபோல இதற்கு விலங்கோ உயிரணுவோ தேவையில்லை. வரிசை தெரிந்தால் வேதிமுறையில் செய்துகொள்ளலாம். சூட்டில் பிரிந்தாலும் ஆறியதும் மறுபடி மடியும். தங்க மின்முனையில் இந்த இழையைப் பொருத்தினால், நஞ்சு ஒட்டியதும் மடிப்பு மாறும், மின்னோட்டமும் மாறும். அதை அளப்பது நம் வேலை.

ஆனால், தம்பிகளே, சிக்கலும் இருக்குது. நஞ்சைப் பிரித்தெடுக்க மெத்தனால் வேண்டும். அது மிஞ்சினால் இழையின் மடிப்பே கெடும். பூஞ்சையும் எல்லா மூட்டையிலும் ஒரே மாதிரி இருக்காது. ஒரு பிடி எடுத்துப் பார்த்துவிட்டு 'நல்ல சரக்கு' என்றால் ஏமாந்துபோவோம். பல மூட்டைகளில் எடுத்து, அரைத்து, கலந்துதான் பார்க்க வேண்டும்.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வுக்கூடம் இருக்கிறது. உங்கள் இறுதியாண்டு புராஜெக்டில் ஒரு சிறு கருவி செய்து, அத்தகைய ஆய்வுக்கூட முடிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சோள லாரி வாசலில் நிற்கும்போதே, இறக்குவதா திருப்புவதா என்று அது சொல்ல வேண்டும். அன்று அப்பாவுக்குத் தேவைப்பட்டது அந்த ஒரு பதில்தான்.