வாளிப் பாலும் வகுப்பறை மதிப்பீடும்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பிள்ளைகளின் கற்றலை மதிப்பிடுவது பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி கேட்டுக்கொண்டார்கள். ஆசிரியர்களுக்கு உரிய தலைப்புபோல் தோன்றும். ஆனால் நான் பெற்றோர்களிடம்தான் அதிகம் பேசப் போகிறேன்.

1988 முதல் ஆறாம் வகுப்பில் யு.பி.எஸ்.ஆர். என்ற அரசாங்கத் தேர்வு இருந்தது. முடிவு வரும் நாளில் 'எத்தனை ஏ?' என்பதே தோட்டம் முழுக்கப் பேச்சு. 2020இல் நோய்த்தொற்றினால் அது நடைபெறவில்லை; 2021இல் அடியோடு நீக்கப்பட்டது. முதல் மூன்று வகுப்புகளுக்கான தேர்வுகள் அதற்கு முன்பே, 2019இல் நின்றுவிட்டன. மூன்றாம் படிவத்துப் பி.டி.3 தேர்வும் 2022இல் போயிற்று. ஆசிரியரே ஆண்டு முழுதும் பிள்ளையைக் கவனித்து 1 முதல் 6 வரை அடைவுநிலை கொடுக்கும் முறைக்குத்தான் இப்பொழுது முக்கியத்துவம். இதை வகுப்பறை மதிப்பீடு என்கிறோம்; பள்ளியிலே பி.பி.டி. என்பார்கள்.

"பெரிய பரீட்சையே இல்லேன்னா புள்ள எதுக்குங்க சார் படிக்கும்?" என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

ரப்பர்த் தோட்டத்தில் வேலை செய்த பெரியவர்களுக்கு நினைவிருக்கும். பால் ஸ்டோரில் வாளியை நிறுத்ததோடு கிராணி விட்டுவிடுவாரா? மாட்டார். மெட்ரோலாக் மிதவையைப் பாலில் விட்டுப் பார்ப்பார். ஏனென்றால் பாலில் பெரும்பகுதி தண்ணீர். ரப்பர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். மார்க் என்பது வாளியின் எடை. உள்ளே ரப்பர் எவ்வளவு என்று பார்ப்பதுதான் மதிப்பீடு.

52இலிருந்து 27ஐக் கழிக்கும் கணக்கை எடுத்துக்கொள்வோம். விடை 25. ஒரு பையன் 24 என்று எழுதுகிறான். ஒரு பெண்பிள்ளை 35 என்று எழுதுகிறாள். தேர்வுத் தாளில் இருவருக்கும் சைபர்தான். ஆனால் பையனுக்கு எண்ணும்போது விரல் தவறியிருக்கலாம்; மறுபடி செய்யச் சொன்னால் தானே திருத்திக்கொள்வான். பெண்பிள்ளையின் கதை வேறு. 2இலிருந்து 7 போகாது என்றதும், 7இலிருந்து 2ஐக் கழித்துவிட்டாள். கடன் வாங்கிக் கழிப்பது அவளுக்குப் பிடிபடவில்லை. இருபது கணக்கு வீட்டுப்பாடம் கொடுத்தால் இருபதையும் இப்படித்தான் செய்வாள். குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டிவைத்து, ஒரு கட்டை அவிழ்த்துக் காட்ட வேண்டும். "ஏம்மா இப்படிப் போட்டே, சொல்லு பார்ப்போம்" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிற ஆசிரியருக்குத்தான் இது தெரியவரும்.

வாசிப்பும் அப்படியே. முதல் வகுப்புப் பிள்ளை பாடத்தைக் கடகடவென்று ஒப்பிக்கும். நாமும் பூரித்துப் போவோம். நடுவில் ஒரு சொல்லின்மேல் விரலை வைத்து, 'இது என்ன?' என்று கேட்டுப் பாருங்கள். சில பிள்ளைகள் முதல் வரியிலிருந்து சொல்லிக்கொண்டு வந்துதான் அந்தச் சொல்லைப் பிடிப்பார்கள். அது மனப்பாடம், வாசிப்பு அல்ல. இந்தச் சோதனைக்குக் காசு செலவில்லை, வீட்டிலேயே செய்யலாம்.

அடைவுநிலை 3 என்றால் குறைந்தபட்சத் தேர்ச்சி. 1, 2 என்றால் இன்னும் கைகொடுக்க வேண்டும் என்று பொருள், அவமானம் ஒன்றுமில்லை. எனக்கு இருக்கும் பயம் வேறு. பெற்றோர் கோபித்துக்கொள்வார்களே, மேலிடத்தில் கேட்பார்களே என்று 2 போட வேண்டிய இடத்தில் 4 போட்டு அனுப்பும் வழக்கம் எங்கும் வந்துவிடக் கூடாது. இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் மலாய் மொழியில் பாடம் நடக்கும்போது குட்டு உடைந்துவிடும். மலாய் போதவில்லை என்று ஓராண்டு ரிமூவ் வகுப்பில் உட்கார்ந்து, பிறகு படிப்பையே விட்டுவிட்ட பிள்ளைகளை நம் தோட்டங்கள் நிறையப் பார்த்திருக்கின்றன.

பாரம் நிரப்புவதிலும் கணினியில் பதிவதிலும் பொழுது போய்விடுகிறது என்று ஆசிரியர்கள் குறைப்படுகிறார்கள். உண்மைதான். 35 எழுதிய பிள்ளையின் பெயருக்கு எதிரே 'கடன் வாங்கிக் கழிக்க வரவில்லை' என்று ஒரு வரி இருந்தால், அது பத்துப் பக்கப் பாரத்தைவிட மேல் என்பேன்.

பெற்றோர்களே, அறிக்கை வாங்க வரும்போது 'எத்தனையாவது?' என்று கேட்காதீர்கள். "எம் புள்ளைக்கு எது வரலீங்க டீச்சர்? வீட்டுல நாங்க என்ன செய்யணும்?" என்று கேளுங்கள். பதில் விளங்கும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள். ஒரு நாள் சம்பளம் போகுமே என்று வராமல் இருப்பவர்களும் உண்டு. அவர்களுக்காக இந்தச் சந்திப்பை ஞாயிற்றுக்கிழமையில் வைக்கும்படி பள்ளி நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

மாணவச் செல்வங்களே, பரிசு வாங்கப் போகிறவர்களுக்கு என் வாழ்த்து. கீழே உட்கார்ந்து கைதட்டப் போகிறவர்களே, உங்களையும் நான் மறக்கவில்லை. அடுத்த ஆண்டு, 2இலிருந்து 4க்கு ஏறிய பிள்ளைக்கும் ஒரு பரிசு வைக்க வேண்டும், தலைமையாசிரியர் அவர்களே. ஒரு நல்ல தமிழ் அகராதி போதும். அந்தச் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன்.