தடுக்கி விழும் கால்களுக்கு மின்தூண்டல் சிகிச்சை



பெருமூளை வாதம் உள்ள பல பிள்ளைகளின் காலணியைப் பார்த்தால், முன்பகுதி மட்டும் சீக்கிரமே தேய்ந்திருக்கும். நடக்கையில் பாதத்தின் முன்பகுதி மேலே எழாமல் தரையில் உரசுவதே காரணம். “காலைத் தூக்கி வைத்து நட” என்று பெற்றோர் கண்டிப்பதுண்டு. ஆனால் அது பிள்ளையின் சோம்பல் அன்று. மூளையிலிருந்து வரவேண்டிய கட்டளை தசைக்குச் சரியாக வந்து சேரவில்லை.

வளரும் மூளையில் பிறப்புக்கு முன்போ, பிறக்கும்போதோ, பின்போ ஏற்படும் பாதிப்பே பெருமூளை வாதம். அந்தப் பாதிப்பு நாளடைவில் கூடுவதில்லை. ஆயினும் எலும்பு நீளும் வேகத்திற்கு இறுகிய தசை ஈடுகொடுப்பதில்லை. அதனால்தான் ஆரம்பப்பள்ளியில் ஓடியாடிய சிலர் இடைநிலைப்பள்ளி வயதில் நடக்கச் சிரமப்படுகிறார்கள்.

இங்குதான் மின்தூண்டல் உதவுகிறது. முழங்காலுக்குக் கீழே ஒரு பட்டை கட்டப்படும். பாதம் தரையை விட்டு எழும் நேரத்தில், அதிலுள்ள மின்வாய்கள் அங்கு ஓடும் நரம்புக்குச் சிறு மின்துடிப்பை அனுப்பும். உடனே பாதம் உயரும். குதிகால் தரையைத் தொடும்போது துடிப்பு நின்றுவிடும். 1961-இல் அமெரிக்காவில் லைபர்சன் என்ற மருத்துவர் பக்கவாத நோயாளிகளுக்காக அறிமுகப்படுத்திய முறை இது. அன்று காலணியில் பொருத்திய விசை செய்த வேலையை இன்று காலின் சாய்வை அறியும் உணரி செய்கிறது.

பலன் எவ்வளவு? 2012-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பிடிமானமின்றி நடக்கக்கூடிய 21 சிறுவர்களும் இளையரும் கலந்துகொண்டனர். பாதம் உயர்வது மேம்பட்டது. நடையின் வேகம் மாறவில்லை. ஆகவே இது மூளையைக் குணப்படுத்தும் சிகிச்சை என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம்.

கணுக்கால் ஏற்கெனவே இறுகி மடங்காமல் போனவர்களுக்கு இது பயன் தராது. அடங்காத வலிப்பு உள்ளவர்கள், இதயமுடுக்கி பொருத்தியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அணியவே கூடாது. கடையில் விற்கும் மசாஜ் கருவி இதற்கு மாற்றாகாது. தசை நீட்டும் பயிற்சியையும் நிறுத்தக்கூடாது.

கருவியின் விலை அதிகம். வாங்குமுன் இயன்முறை மருத்துவர் முன்னிலையில் பிள்ளை அதை அணிந்து நடந்து பார்க்கட்டும். முதலில் எறும்பு ஊர்வதுபோல் சுருக்கென்றிருக்கும். சிலர் பழகிக்கொள்வார்கள், சிலரால் முடியாது. அதை அணிந்து பள்ளிக்குச் செல்லப்போவது பிள்ளைதான். எனவே, பெற்றோர் முடிவெடுக்குமுன் அவனிடமோ அவளிடமோ ஒரு வார்த்தை கேட்பது நலம்.